சுழலும் காவற்கண்

வெளிமாநிலங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் நம்மவருக்கு, குடியிருப்புச் சங்கத்தில் ஒரு நாள் இக்கேள்வி எழலாம்: வளாகத்தில் சுழலும் கேமரா அமைக்கலாமா?

பக்கவாட்டில் சுழல்வது, நிமிர்ந்து குனிவது, தொலைவை அருகாக்கிக் காட்டுவது ஆகிய மூன்றும் அதன் தொழில்கள். அதற்கு வேண்டுவனவும் மூன்று: மின்சாரம், படம் செல்லும் வழி, கட்டளை செல்லும் வழி.

பழைய முறையில் இவற்றுக்குத் தனித்தனிக் கம்பிகள் உண்டு. படத்துக்குக் கோஆக்ஸியல் கேபிள். மின்சாரம் பெரும்பாலும் 24 வோல்ட். கட்டளைக்கு, ஆர்எஸ்-485 என்னும் முறையில், முறுக்கிய இரட்டைக் கம்பி. இது ஏறக்குறைய 1,200 மீட்டர் வரை செல்லும். கேமராக்களைக் கிளை பிரிக்காது, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இணைத்து, கடைக்கோடியில் 120 ஓம் மின்தடை இடவேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். இரண்டுக்கு ஒரே எண் இட்டால், ஒன்றைத் திருப்ப மற்றதும் திரும்பும்.

புதிய முறையில் ஒரே நெட்வொர்க் கேபிள் மூன்றையும் சுமக்கும்; எல்லை 100 மீட்டர். மோட்டாருக்கும் இரவு விளக்குக்கும் மின்சாரம் மிகுதியாக வேண்டும். ஆதலின் 2003-இல் வகுத்த 15.4 வாட் முறை பெரிய கேமராவுக்குப் பெரும்பாலும் போதாது. 2009-இன் 30 வாட் முறையோ, 2018-இல் வந்த அதனினும் வலிய முறையோ தேவை.

ஒன்றை மறவாதீர்கள். சுழலும் கண் ஒரு நேரத்தில் ஒரு திசையையே காணும். அது வடக்கே நோக்கும்போது தெற்கு வாசலில் நுழைந்தவன் பதிவாகமாட்டான். ஆகவே வாசலுக்கு அசையாத கேமரா ஒன்று கட்டாயம். அயலார் சன்னல் தெரியாவண்ணம் படத்தில் மறைப்பு அமைப்பதும் நம் கடமையே.