ஒட்டுப் படமும் உண்மைப் படமும்



படம் பொய் சொல்லாது என்பார்கள். சொல்லும், சொல்ல வைப்பார் இருந்தால்!

1943-இல் வங்கம் பட்டினியால் மடிந்தது. ஆங்கில அரசோ பஞ்சம் என்று அறிவிக்கவே மறுத்தது. ஆகஸ்டு 22 அன்று கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மேன்' ஏடு, தெருவிலே எலும்பும் தோலுமாய்க் கிடந்தோரின் படங்களை வெளியிட்டது. ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் வெள்ளையர்தான்; எனினும் பொறுப்பேற்று நின்றார். உலகம் நம்பிற்று.

2015-இல் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. பிரதமர் வானிலிருந்து பார்வையிடுவதாகப் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்ட படத்தில், சன்னல் காட்சி வேறொரு படத்தின் ஒட்டு! பின்னர் நீக்கினர், வருத்தமும் தெரிவித்தனர். வெள்ளம் உண்மை, பார்வையிட்டதும் உண்மை, படம் மட்டும் ஒட்டு!

நம் கைப்பேசிக்கு வரும் படம் நமக்கே சாதகமாயினும், எடுத்தவர் யார், எங்கே, என்று எனக் கேளுங்கள். விடையில்லையேல் அனுப்பாதீர்! இன்று நாம் பரப்பும் பொய்ப்படம், நாளை நாம் காட்டும் மெய்ப்படத்தைக் கொல்லும்!