வீசிங் சத்தம் வரலைன்னா ஆஸ்துமா இல்லையா?

இந்த வாரம் கோடிங் இல்லை, லேஆஃப் இல்லை, அப்ரைசல் இல்லை. மூச்சைப் பத்திப் பேசப்போறேன். எனக்கு ஆறு வயசுல இருந்து ஆஸ்துமா இருக்கு. இந்த ஷோவுல இதுவரைக்கும் இதை நான் சொன்னதில்லை. ஒவ்வொரு எபிசோடுலயும் எத்தனை இருமலை வெட்டி எடுக்கிறோம்னு எடிட்டருக்கு மட்டும்தான் தெரியும். (சிரிப்பு)

இப்போ ஏன் பேசுறேன்னா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்.

என் டீம்ல ஒரு அக்கா இருக்காங்க. என்னை விட நாலு வயசு பெரியவங்க. போன வருஷம் அவங்களுக்கு ஒரு வறட்டு இருமல் வந்து, போகவே இல்லை. ராத்திரி ரெண்டு மணி, மூணு மணிக்கு இருமி எழுந்திருப்பாங்க. ஒருநாள் கேன்டீன்ல என்கிட்ட கேட்டாங்க: "உனக்குத்தான் ஆஸ்துமா இருக்கே, இது அதுவா இருக்குமாடா?" நான் டீயை உறிஞ்சிக்கிட்டே, "வீசிங் சத்தம் வருதாக்கா?"ன்னு கேட்டேன். "இல்லை." "அப்போ ஆஸ்துமா இல்லை. ஏசி ஒத்துக்கலை, அவ்வளவுதான்."

இருபது வருஷ அனுபவஸ்தன் இல்லையா, அந்தத் தெனாவட்டுல சொன்னேன்.

நாலு மாசம் கழிச்சு ஆபீஸ்ல ஃபயர் டிரில். ஒன்பது மாடி இறங்கினோம். திரும்பி வரும்போது லிஃப்ட்ல கூட்டம், சில பேர் படியேறிட்டோம். ஆறாவது மாடியில அக்கா நின்னுட்டாங்க. "ஒரு... நிமிஷம்... இரு..." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல ஒரு மூச்சு. அந்தப் பேச்சு எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும், ஏன்னா நானே அப்படிப் பேசியிருக்கேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம், நெபுலைசர் வெச்சாங்க. அப்புறம் ஒருநாள் ஸ்பைரோமெட்ரி எடுத்தாங்க. ஒரு குழாய்ல முழு பலத்தோட ஊதணும், மருந்தை இழுத்துட்டு ஒரு கால் மணி நேரம் கழிச்சு மறுபடி ஊதணும். முதல் ஒரு நொடியில வெளிய வர காத்து ரெண்டாவது தடவை நல்லாக் கூடினா, சுருங்கின மூச்சுக்குழாய் மருந்துக்கு விரியுதுன்னு அர்த்தம். அவங்களுக்குக் கூடுச்சு. சில பேருக்கு ஆஸ்துமா வெறும் இருமலாவே வரும், சத்தமே இருக்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.

அக்கா என்னைத் திட்டவே இல்லை. "நீ சொன்னியேன்னு நாலு மாசம் டாக்டர்கிட்ட போகாம இருந்துட்டேன்டா"ன்னு மட்டும் சொன்னாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

கதை இதோட முடியலை. குற்ற உணர்ச்சியில, இன்ஹேலர் எப்படி இழுக்கணும்னு நானே அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மூச்சை வெளிய விடு, பம்பை அழுத்தும்போதே மெதுவா ஆழமா இழு, பத்து நொடி பிடி. என் ஸ்ப்ரே பம்புக்கு இது நூறு சதவீதம் சரி. ஆனா அவங்களுக்குக் கொடுத்தது கேப்சூல் போடுற ரோட்டாஹேலர். அதுல பவுடர்தான் இருக்கும், தள்ளிவிட கேஸ் கிடையாது. நம்ம இழுக்கிற வேகம்தான் பவுடரை உள்ள கொண்டுபோகணும். வேகமா, பலமா இழுக்கணும். என் பேச்சைக் கேட்டு ரெண்டு வாரம் மெதுவா இழுத்திருக்காங்க, மருந்து பாதி கேப்சூல்லயே தங்கியிருக்கு. அடுத்த தடவை போனப்போ நர்ஸ் பார்த்துத் திருத்தினாங்க.

நம்ம ஃபீல்டுல ஒரு டயலாக் உண்டே, "என் லேப்டாப்ல நல்லாத்தான் ஓடுது." அதைத்தான் நான் ரெண்டு தடவை செஞ்சிருக்கேன். சரி, மத்தவங்க லேப்டாப்ல என்னதான் ஓடுதுன்னு கேட்போம்னு கொஞ்ச பேர்கிட்ட உட்கார்ந்து பேசினேன். யார் பேரையும் சொல்லப்போறதில்லை.

முதல்லயே ஒண்ணு புரிஞ்சுது. "உங்களுக்கு ஆஸ்துமா இருக்கா?"ன்னு கேட்டா பாதிப் பேர் "இல்லையே"ங்கிறாங்க. "வீசிங் இருக்கா?"ன்னு கேட்டா "அது இருக்கு, சின்ன வயசுல இருந்தே." எங்க பாட்டிக்கு அது இளைப்பு. வீசிங்னா ஏதோ வந்துட்டுப் போறது, ஆஸ்துமான்னா வியாதி. அந்த வித்தியாசத்துலயே தினமும் எடுக்க வேண்டிய மருந்தை எடுக்காம விட்டுடறோம்.

எங்க ஊர் திருச்சியில, எங்க தெருவுல மாவு மில் வெச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர். ஐம்பது வயசு இருக்கும். "தம்பி, எனக்கு ஞாயித்துக்கிழமை வீசிங் லீவு"ன்னார். சிரிச்சிட்டேன். அவர் சிரிக்கலை. ஒரு வருஷம் பழனிக்குப் பாதயாத்திரை போயிருக்கார். வெறுங்கால்ல, வெயில்ல, நாள்கணக்கா நடை. ஒரு தடவை கூட மூச்சு வாங்கலை. திரும்பி வந்து மில்லைத் திறந்த ரெண்டாம் நாள் சாயங்காலம் நெஞ்சு இறுகிடுச்சு. முருகன் அருள்னு வீட்ல சொல்லியிருக்காங்க. அவருக்கு மட்டும் சந்தேகம், டாக்டர்கிட்ட இதை அப்படியே சொல்லியிருக்கார். பறக்கிற மாவுதான் காரணம். பேக்கரியிலயும் மில்லுலயும் வேலை பார்க்கிறவங்களுக்கு இப்படி வர்றது மருத்துவத்துல ரொம்ப நாளாத் தெரிஞ்ச விஷயம். லீவு நாள்ல எப்படி இருக்குங்கிற அந்த ஒரு கேள்வியை இருபது வருஷத்துல நான் என்னையே கேட்டதில்லை. சரிண்ணே, இப்போ என்ன பண்றீங்கன்னு கேட்டேன். "என்ன பண்றது? மில்லை மூடிட்டா சோறு?" இப்போ பையன் மெஷின்கிட்ட நிக்கிறான், இவர் மாஸ்க் போட்டுக்கிட்டு கல்லாவுல உட்கார்றார். பையனுக்கு எப்போ வருமோங்கிற பயம் இப்போ அவருக்கு.

அடுத்து ஒரு தோழி. கல்யாணம் ஆகி மூணு வருஷம். பொண்ணு பார்க்க வந்தப்போ "வீசிங் விஷயம் வாயைத் திறந்து சொல்லிடாதே"ன்னு அவங்க அம்மா சொல்லியிருக்காங்க. மாமியார் வீட்ல பென்சில் பவுச்சுக்குள்ள இன்ஹேலர். பாத்ரூம்ல போய், குழாயைத் திறந்துவிட்டு, அவசரமா ஒரு அடி. பத்து நொடி மூச்சு பிடிக்கிறதாவது! மருந்துல பெரும்பகுதி நாக்குலயும் தொண்டையிலயும்தான் போய் ஒட்டும். ஸ்பேசர்னு அந்தப் பெரிய பிளாஸ்டிக் கூடு இருக்கே, அதை எந்த பவுச்சுல ஒளிக்கிறது? ஒரு போகி அன்னிக்கு அவங்க வீட்டு வாசல்ல பழைய பாய் எரிஞ்சுக்கிட்டு இருக்கு, கூட நின்னு சிரிச்சுக்கிட்டே போட்டோ எடுத்திருக்காங்க. போகிப் புகைன்னா சும்மா இல்லை, 2018ல சென்னை ஏர்போர்ட்ல விமானங்களையே அது தாமதமாக்குச்சு. அன்னிக்கு ராத்திரிதான் வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. மாமியார் கேட்ட முதல் கேள்வி: "இதுக்கு மாத்திரை இல்லையாம்மா? பம்ப் பழக்கமாயிடுமே."

இதை எங்க வீட்லயும் சொல்லியிருக்காங்க, அதனால ஒரு கணக்கு சொல்லிடறேன். சால்பியூட்டமால் பம்ப் ஒரு அடிக்கு 100 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையில 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம்னு வரும். அதாவது 20 மடங்கு, 40 மடங்கு. மாத்திரை உடம்பு முழுக்கச் சுத்திட்டுத்தான் நுரையீரலுக்கு வரும், வழியில கையை நடுங்க வைக்கும், நெஞ்சைப் படபடக்க வைக்கும். ஆனா மாத்திரைன்னா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க.

மழையைப் பத்தி எனக்கும் இன்னொரு தம்பிக்கும் சண்டையே வந்துடுச்சு. எனக்கு மழைன்னா சந்தோஷம், தூசி அடங்கிடும். அவன் இருக்கிறது தரைத்தளத்துல, ஈரம் ஏறின சுவர். நவம்பர் ஆனா சுவர்ல பூஞ்சை, அவனுக்கு இழுப்பு. "மழை பெஞ்சா உனக்குக் கவிதை, எனக்கு நெபுலைசர்"ங்கிறான். மெல்பர்ன்ல 2016 நவம்பர் 21 அன்னிக்கு ஒரு இடிமழை. புல்லோட மகரந்தம் ஈரத்துல சின்னச் சின்னத் துகளா உடைஞ்சு காத்துல பரவுச்சு. ஒரே ராத்திரியில ஆயிரக்கணக்கான பேர் ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க, பத்துப் பேர் இறந்துபோனாங்க. ஓடினவங்கள்ல நிறைய பேருக்கு அதுக்கு முன்னாடி ஆஸ்துமான்னே யாரும் சொன்னதில்லை. இதைப் படிச்சதும் அந்தத் தம்பிக்கு சாரி சொல்லி மெசேஜ் போட்டேன்.

ஹைதராபாத் மீன் மருந்துக்குப் போன ஒரு அங்கிள்கிட்டயும் பேசினேன். ஒவ்வொரு வருஷமும் ஜூன்ல, பத்தினி குடும்பத்துக்காரங்க ஒரு குட்டி விரால் மீன் வாயில மருந்தை வெச்சு உயிரோட விழுங்கக் கொடுப்பாங்க இல்லையா, அது. கிண்டல் பண்ணலாம்னு நினைச்சுத்தான் கேட்டேன், உண்மையைச் சொல்லிடறேன். ஆஸ்துமாவை அது குணமாக்கும்னு நம்புற மாதிரி எந்த ஆதாரமும் நான் பார்த்ததில்லை. முதல் வருஷம் அதை நம்பி இன்ஹேலரை நிறுத்தி, ஐசியூ வரைக்கும் போயிருக்கார் அவர். ஆனாலும் மறுபடி ரெண்டு தடவை போயிருக்கார், இந்தத் தடவை இன்ஹேலரைப் பையில வெச்சுக்கிட்டு. ஏன் அங்கிள்? "என்னை மாதிரியே மூச்சு விடற இத்தனை பேரை நான் வேற எங்கேயும் ஒண்ணாப் பார்த்ததில்லைப்பா." அதுக்கு மேல கிண்டல் பண்ண என்னால முடியலை.

இப்போ மறுபடி ஆபீஸ் அக்கா. புதுசா வியாதி வந்தவங்க இல்லையா, எல்லாத்தையும் முறையாப் படிச்சு வெச்சிருக்காங்க. ஒருநாள் கேட்டாங்க: "நீ வருஷத்துக்கு எத்தனை நீல பம்ப் வாங்குற?" ஆன்லைன்ல ஆர்டர் ஹிஸ்டரியைத் திறந்து எண்ணினேன். ஏழு. ஒண்ணுல 200 அடி. அவங்க முகம் மாறிடுச்சு. வருஷத்துக்கு மூணு பம்புக்கு மேல போனாலே பெரிய அட்டாக் வர ஆபத்து கூடுதாம். நீல பம்ப் குழாயை விரிக்கும், சில மணி நேரத்துக்கு. உள்ள இருக்கிற வீக்கத்தை அது தொடாது. உலகளவுல ஆஸ்துமா வழிகாட்டுதல் போடுற ஜினா அமைப்பு 2019லயே சொல்லிடுச்சு, பெரியவங்களுக்கும் டீன் ஏஜ் பசங்களுக்கும் இதை மட்டும் தனியாக் கொடுக்காதீங்க, வீக்கத்தைக் குறைக்கிற ஸ்டீராய்டு இன்ஹேலரும் சேர்ந்து இருக்கணும்னு. நான் "ஸ்டீராய்டு எடுக்காமலே சமாளிக்கிறேன்"னு இத்தனை வருஷம் பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்தவன். அடுத்த சனிக்கிழமையே டாக்டர்கிட்ட போய் மாத்திக்கிட்டேன். இப்போ காலையும் ராத்திரியும் இழுத்துட்டு வாய் கொப்பளிக்கிறேன். நீல பம்ப் கடைசியா எப்போ வாங்கினேன்னு யோசிச்சுத்தான் சொல்லணும்.

கடைசியா அம்மாகிட்ட போன்ல கேட்டேன். எனக்கு ஞாபகம் இருக்கிறதெல்லாம் நெபுலைசர் புகையும், அதுக்கப்புறம் கிடைக்கிற ஹார்லிக்ஸும்தான். அம்மாவுக்கு வேற ஒரு ராத்திரி ஞாபகம் இருக்கு. எனக்கு ஏழு வயசு. சாயங்காலத்துல இருந்து விசில் மாதிரி சத்தம். பத்து மணிக்கு மேல சத்தம் குறைஞ்சு, நின்னே போச்சு. "அப்பாடா, அடங்கிடுச்சுன்னு விளக்கை அணைச்சிட்டேன்டா. உங்க பாட்டிதான் உன் உதட்டைப் பார்த்துட்டுக் கத்தினாங்க." ஆஸ்பத்திரியில டாக்டர் அம்மாவைத் திட்டியிருக்கார். சத்தம் நின்னது சரியாகி இல்லை, சத்தம் போடற அளவுக்குக் கூட காத்து உள்ள போகலைன்னு. உதடு நீலமானா, ஒரு வாக்கியத்தை முழுசாச் சொல்ல முடியலைன்னா, பம்ப் அடிச்சும் கேட்கலைன்னா, உடனே 108 கூப்பிடுங்க. அப்போ சத்தம் வருதா இல்லையான்னு பார்த்துக்கிட்டு இருக்காதீங்க.

இந்தக் கதையை ஏம்மா இத்தனை வருஷம் சொல்லலைன்னு கேட்டேன். "நீ கேட்கவே இல்லையேடா"ன்னாங்க.

எபிசோடைப் போடறதுக்கு முன்னாடி ஆபீஸ் அக்காவுக்கு அனுப்பி வெச்சேன், அவங்க பகுதியை அப்படியே வெச்சுக்கலாமான்னு. ஒரே ஒரு திருத்தம் சொன்னாங்க: நின்னது ஆறாவது மாடியில இல்லையாம், ஏழாவது மாடியிலயாம். அந்த ஒரு மாடியை விட்டுக்கொடுக்க முடியாதாம். (சிரிப்பு) சரிக்கா, ஏழு. அடுத்த வாரம் பேசுவோம் மக்களே.