மினி லாரிக்குக் கூடுதல் வாரண்டி தேவையா?

பூந்தமல்லி, ஆவடிப் பக்கமிருந்து கோயம்பேட்டுக்குக் கீரை, பூ ஏற்ற மினி லாரி வாங்கும்போது, இஞ்சினுக்குக் கூடுதல் வாரண்டியும் எடுக்கச் சொல்வார்கள். பணம் கட்டுமுன் கணக்குப் போடுங்க.

சீட்டில் வருஷம், கிலோமீட்டர் இரண்டும் இருக்கும். எது முந்துகிறதோ அதோடு சரி. மொத்தம் 4 வருஷம், 1 லட்சம் கிலோமீட்டர் என்று வையுங்கள். தினம் 40 கிலோமீட்டர், வருஷம் 300 நாள் ஓடினால் 48,000தான். நாலு வருஷமும் காப்பு நிற்கும், வாங்கலாம். வாடகைக்கும் விட்டு 120 ஓட்டினால், மூணாம் வருஷம் முடியுமுன்னே சீட்டு செத்துப்போகும். அந்தப் பணத்தை சர்வீசுக்கு வைத்துக்கொள்வதே மேல்.

ஆயில் மாற்றிய பில்லைப் பத்திரப்படுத்துங்க. அது இல்லாவிட்டால் தகராறுதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி வெள்ளம் வந்து இஞ்சினில் தண்ணீர் புகுந்தால், வாரண்டி கைகொடுக்காது. அதற்குக் காப்பு உண்டா என்று இன்சூரன்ஸ்காரரிடம் முன்கூட்டியே கேளுங்க. மூழ்கின வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துப் போங்க.