ஆமை திரும்பிய பாகை



கணினி என்றால் பலருக்குத் தட்டச்சுப் பொறி, இல்லாவிட்டால் படம் பார்க்கும் பெட்டி. 1967 இல் சேமூர் பப்பேர்ட், சிந்தியா சொலமன் முதலானோர் உருவாக்கிய 'லோகோ' மொழி வேறு விதம். (சொலமன் ஒரு பெண், இந்த மேடையில் சொல்லத்தானே வேண்டும்!) திரையில் ஓர் ஆமை, பிள்ளை கட்டளையிட, அது கோடு கீறும்.

தர்மபுரத்தில் என் வகுப்பில் சமபக்க முக்கோணி கீறச் சொன்னேன். ஒரு பிள்ளை 60 பாகை திரும்பச் சொன்னாள். அரை அறுகோணிதான் வந்தது. நான் வாய் திறக்கவில்லை. அவளே எழுந்து முக்கோணியாக நடந்து பார்த்தாள்: மூலையில் திரும்ப வேண்டியது 120!

லோகோ இலவசம், இணையம் தேவையில்லை, பழைய கணினியிலும் ஓடும். வெளிநாட்டிலிருந்து உதவும் சகோதரிகளே, பத்துக் கணினி வேண்டாம், ஐந்து போதும். ஒன்றின் முன் இருவர் இருந்தால் வாதாடிக்கொண்டே யோசிப்பார்கள். மிச்சக் காசை ஆசிரியர் பயிற்சிக்குத் தாருங்கள்.