தாழ்வாரத்துக் கற்பூரவள்ளி

எங்கள் வீவக புளோக்கில் மின்தூக்கியை விட்டு இறங்கியதுமே ஒரு வாசம் வரும். பக்கத்து வீட்டுப் பாட்டியின் கற்பூரவள்ளி. கை பட்டால் போதும், ஓம வாசம் விரலில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஓமவல்லி என்றும் சொல்கிறோம்.

இதற்கு விதை தேடித் தேக்காவுக்குப் போக வேண்டாம். தெரிந்தவர்களிடம் அரைச் சாண் கிளை கேளுங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் இரண்டு, மூன்று வாரத்தில் வேர் பிடித்துவிடும். வெயிலைத் தாங்கும், நம் மறதியையும் தாங்கும். தேங்கிய தண்ணீரைத்தான் தாங்காது. இலையைத் தடவிப் பாருங்கள்: மேலே பூனைமுடி, உள்ளே தடித்த சதை. தண்ணீரைத் தானே சேர்த்துவைக்கும் செடி அது. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் சிங்கப்பூரில், மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

தொட்டித் தட்டில் நீர் நிற்கவே கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தாழ்வாரத்தில் நடக்க 1.2 மீட்டர் வழியும் விடுங்கள். அவசரத்தில் தூக்குப்படுக்கை போக வேண்டிய வழி அது.

நுனியைக் கிள்ளக் கிள்ளப் புதராகும். கிள்ளிய இலை? கடலைமாவில் தோய்த்து பஜ்ஜி. பாட்டி நேற்றுத் தந்தது இன்னும் நாவில் இருக்கிறது.