நம் உடலின் கணக்கை நாமே படிப்போம்



அண்ணல் அம்பேத்கர் 1948 முதல் நீரிழிவு நோயால் பெரிதும் துன்புற்றார். வீட்டிலிருந்தபடியே குருதிச் சர்க்கரையை அளந்தறியும் வாய்ப்பு அந்நாளில் இல்லை. 1969இல் அமெரிக்காவில் ரிச்சர்டு பெர்ன்ஸ்டீன் என்னும் பொறியாளர், நீரிழிவு நோயாளி, அதற்கான கருவியொன்றைப் பற்றி அறிந்தார். மருத்துவரல்லாதார்க்கு அதனை விற்க மறுத்தனர்! மருத்துவரான தம் மனைவியின் பெயரால் வாங்கினார். நாள்தோறும் தாமே அளந்து, உணவையும் இன்சுலினையும் சீராக்கி நலம் பெற்றார். பின்னர் 45ஆம் வயதில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார்.

கிணறும் பள்ளியும் உங்களுக்கன்று எனத் தடுக்கப்பட்ட வரலாறுடைய நமக்கு அம்மறுப்பு புதிதன்று. இன்று அக்கருவி மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. ஆயினும் ஒவ்வொரு முறை அளப்பதற்கும் புதிய பரிசோதனைப் பட்டை வேண்டும். கூலி வேலைக்குச் செல்லும் தாய்க்கு அச்செலவே தடையாகிறது.

ஆகவே, நம் படிப்பகத்தில் ஒரு கருவியும் பட்டைகளும் சங்கச் செலவில் வைப்போம். இளைஞர்களே, அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அளவைக் குறிப்பேட்டில் எழுதிக் கொடுங்கள். மருத்துவரிடம் அதனைக் காட்டச் சொல்லுங்கள். ஒருவர்க்குக் குத்திய ஊசியை மற்றவர்க்குப் பயன்படுத்தலாகாது. அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் உடனே சர்க்கரை நீர் பருகச் செய்தல் வேண்டும்.

எழுத்தறிவு மட்டுமன்று, தன் உடலின் கணக்கைத் தானே படித்தறிவதும் கல்வியே!