ஒன்றுக்கு அடுத்து பத்து

அடுகோடி சிக்னலில் வண்டிதான் நகராது, பாட்டாவது ஒழுங்காக ஓட வேண்டாமா? பென் டிரைவில் திருப்பாவை, 30 பாசுரம். ஒன்று முடிந்ததும் பத்து பாடுகிறது. பிறகு பதினொன்று. இரண்டாம் பாசுரம் வருவது பத்தொன்பதுக்கு அப்புறம்! ஆண்டாள் அப்படியா பாடினாள்?

ஸ்டீரியோ கெட்டுப்போகவில்லை. அதற்குக் கணக்குத் தெரியாது. அகராதி மாதிரி முதல் எழுத்தைப் பார்த்து அடுக்குகிறது. ஆகவே ஃபைல் பெயரில் ஒன்றுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் போடுங்கள். 01, 02 என்று ஒன்பது வரைக்கும். பூஜ்யம், மறக்காதீர்கள்.

சில ஸ்டீரியோ பெயரையே பார்க்காது. முதலில் ஏற்றிய பாட்டைத்தான் முதலில் பாடும். அப்போது பென் டிரைவை ஃபார்மட் செய்து, ஒவ்வொன்றாக வரிசைப்படி ஏற்றுங்கள். கொஞ்சம் பொறுமை வேண்டும். அதற்கு முன்னால், ஷஃபிள் பட்டன் அமுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.